விலையும் நீதியும்

மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை வரையறுக்குமாறு மக்கள் வேண்டினர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். எவருடைய பொருளிலும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை. அப்படியாயின், கடைத்தெருவைக் கண்காணிக்கும் அதிகாரியாகிய முஹ்தஸிபுக்கு விலையில் என்ன வேலை?

1328இல் டமாஸ்கஸில் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்), அம்மறுப்பு எவர் குற்றமுமின்றி ஏறிய விலைக்கே பொருந்தும் என்றார். ஊர் பசித்திருக்கத் தானியத்தைப் பதுக்குவோனை நியாய விலைக்கு விற்கச் செய்வது அநீதியன்று, அநீதியை அகற்றுவதாகும். நாமும் அவ்வாறே கருதுகிறோம். ஆயினும், குற்றம் யாருடையது என்று ஆராயுமுன் தராசு பிடித்தவன்மீது கை வைப்பதே அதிகாரிக்கு எளிது.

1399இல் கெய்ரோவின் முஹ்தஸிபாக நியமிக்கப்பட்டவர் வரலாற்றாசிரியர் மக்ரீஸீ. பஞ்சம் பற்றிய தம் நூலில், இலஞ்சம் கொடுத்துப் பதவி பெற்றோரையும், நிலக் குத்தகையை உயர்த்தியோரையும், செப்புக்காசைப் பெருக்கியோரையுமே அவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். அந்நாளில் முஹ்தஸிப் பதவியும் விலைபோயிற்று. அதற்குத் தந்த பணத்தை அவ்வதிகாரி எந்தக் கடையில் மீட்பார்?