மருந்தோடு அபயமும்

இல்லறத்தார்க்குரிய தானங்கள் நான்கு: உணவு, மருந்து, சாத்திரம், அபயம். சிறுவயது முதல் இவற்றை ஒப்பித்து வந்தவள் நான். எனினும், மருந்து அளிக்கும் இடத்திலேயே அபயம் மறுக்கப்படக்கூடும் என்பதை எழுபது வயதுக்குப் பின்னர் ஒரு நாயிடமிருந்தே கற்றேன்.

எங்கள் இல்லத்து நாய்க்கு மணி என்று பெயர். ஆண்டுதோறும் இடவேண்டிய வெறிநோய்த் தடுப்பூசிக்காக அவனைக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். காத்திருக்கும்போதே அவன் உடல் நடுங்கியது; வாலை ஒடுக்கி, உதட்டை ஓயாது நக்கினான். மேசைமேல் ஏற்றியதும் கால்கள் வழுக்கின. கம்பவுண்டர் கழுத்தை அழுத்திப் பிடித்தார். மணி அலறினான், நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தான். மருத்துவர் முன் வாய் திறக்கலாகாது என்னும் மரியாதையால் நான் வாளா நின்றேன். அன்று முதல் சங்கிலியைக் கையில் எடுத்தாலே அவன் கட்டிலுக்கடியில் பதுங்கலானான்.

நடந்தது இம்சையா? மருத்துவரின் நோக்கம் நன்மையே அன்றோ? இவ்வினா பல நாள் என்னை வருத்தியது.

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை நம் ஆசாரியர்கள் கூறியுள்ளனர்: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். அறுவை செய்யும் மருத்துவரோ விலங்கைக் கட்டுகிறார்; அறுக்கிறார்; மயக்கமருந்து தருமுன் உணவைத் தடுக்கிறார். புறச்செயல் ஒன்றே, ஆயினும் அது குற்றமன்று. ஏனெனில், உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு வேராகக் காட்டுவது பிரமத்தம், அதாவது விழிப்பின்மை. நோய் தீர்க்க இன்றியமையாத வலி வேறு; கவனமின்மையால் விளையும் அச்சம் வேறு.

அன்று விழிப்பின்றி இருந்தவர் யார்? மருத்துவர் மணியை அறியார். வாயிலில் பலர் காத்திருந்தனர். அவனை அறிந்தவள் நான் ஒருத்தியே. ஆகவே குற்றம் என் மௌனத்தினுடையது.

“ஒரு கணத்து ஊசிக்கு இத்தனை ஆராய்ச்சியா?” எனச் சிலர் நகைக்கலாம். ஐம்பொறியும் மனமும் உடைய உயிர் அது. கண்ட அச்சத்தை மறவாது. மேலும், அச்சம் நோயையே மறைக்கும். அஞ்சிய விலங்கின் நாடித்துடிப்பும் மூச்சும் விரைகின்றன. அஞ்சிய பூனையின் குருதியில் சர்க்கரை ஏறி, இல்லாத நீரிழிவை இருப்பதுபோல் காட்டுவதும் உண்டு. பள்ளிக்கு முதல்நாள் அழுதுகொண்டு வரும் குழந்தைக்கு முதலில் அச்சம் நீக்கு, பின்னர் அகரம் கற்பி என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் பெற்ற பாடம். மருத்துவத்திற்கும் அது பொருந்துமன்றோ?

அடுத்தமுறை வேறொரு மருத்துவரிடம் சென்றேன். கூட்டம் குறைந்த வேளையைக் கேட்டறிந்து, வெளியே மரநிழலில் காத்திருந்தோம். “ஐயா, இவன் மிகவும் அஞ்சுவான். தரையிலேயே பார்க்க இயலுமா?” என்று பணிவுடன் வேண்டினேன். அவர் சிரித்து, தாமும் தரையில் அமர்ந்தார். வீட்டிலிருந்து கொண்டுசென்ற பழைய சாக்கை விரித்தேன். மணியின் மார்பைத் தடவியபடி இருந்தேன். ஊசி முடிந்ததை அவன் அறிந்ததாகவே தெரியவில்லை. அதற்குச் செலவான மிகுதி நேரம் ஐந்து நிமிடம்.

பூனை வளர்ப்போர் அதன் கூடையைச் சில நாள் முன்னதாகவே வீட்டில் திறந்து வைத்துப் பழக்கலாம். செல்லும் வழியில் துணியால் மூடலாம். அச்சம் மிகுந்த பிராணிகளுக்குப் புறப்படுமுன் கொடுக்கத்தக்க மருந்துகளும் உண்டு. மருத்துவரைக் கேட்டே கொடுத்தல் வேண்டும்.

ஒன்றை மறக்கலாகாது. இரக்கம் என்று எண்ணி ஊசியையே தவிர்ப்பது அறமன்று. வெறிநோய் முற்றினால் பிழைப்பது அரிது. கடிக்கும் இயல்புடைய நாய்க்கு வாய்ப்பூட்டு இட மறுப்பதும் தவறு. மருத்துவரும் கம்பவுண்டரும் நம் அபயத்திற்கு உரிய உயிர்களே.

பிராணிகளைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர், அவற்றுக்குத் தேவையற்ற துன்பம் நேராமல் காத்தல் கடமை என 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் விதிக்கின்றது. சட்டம் சொல்லுமுன்பே நம் அறம் சொன்னது அது. பேச வாயில்லாத உயிரை வீட்டில் வைத்திருப்பவர், அதற்காகப் பேசும் வாயையும் உடன் கொண்டு செல்லட்டும். அறம் வளர்க!