உள்ளே நிற்பவர் கேட்பது

தொண்டை கட்டிக்கொண்ட ஒரு டிசம்பரில்தான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. எங்கள் சபையின் பாடகர் குழுவில் பேஸ் வரிசையில் நின்று, ஹாண்டலின் ‘மெசையா’விலிருந்து சில கோரஸ்களைப் பல ஆண்டுகளாகப் பாடி வருகிறேன். அந்த வருடம் இரண்டு மாதம் தவறாமல் பிராக்டிஸுக்குப் போனேன். கடைசி வாரம் குரல் போய்விட்டது. பாடும் நாளன்று சபையாரோடு நடு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அல்லேலூயா கோரஸ் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றோம். அதன் நடுவே பேஸ்கள் மட்டும் ஒரு புதிய வரியைத் தொடங்கும் இடம் உண்டு. அடுத்து டெனார், பிறகு ஆல்ட்டோ, கடைசியில் சொப்ரானோ என்று ஒவ்வொரு வரிசையும் அதே வரியைக் கையில் எடுக்கும். உள்ளே நின்று பாடும்போது அந்த இடத்தில் காலடித் தரை அதிர்வதுபோல இருக்கும். பெஞ்சிலிருந்து கேட்டபோது அது வந்தது, போனது. நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் நான் காத்துக்கொண்டிருந்த அந்த அதிர்வு என்னிடம் வந்து சேரவில்லை. அப்படியானால் ஆரட்டோரியோ என்பதே கேட்பவர்களைவிடப் பாடுகிறவர்களுக்குத்தான் அதிகம் சொந்தமோ?

ஆரட்டோரியோவில் கதை உண்டு, வேடம் கிடையாது. தனிக்குரல்களும் கோரஸும் வாத்தியக் குழுவும் சேர்ந்து, பெரும்பாலும் வேதாகமக் கதை ஒன்றை, இரண்டு இரண்டரை மணி நேரம் பாடியே சொல்வார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ரோமில் புனித பிலிப்பு நேரி நடத்திய கூட்டங்களிலிருந்து வந்த பெயர் இது. கூடி ஜெபித்த அறைக்கு ‘ஆரட்டோரியோ’ என்று பெயர். அங்கே பக்திப் பாடல்களும் பாடுவார்கள். அறையின் பெயர் நாளடைவில் இசைக்கு ஒட்டிக்கொண்டது. அந்த அறையில் பாட வந்தவர், கேட்க வந்தவர் என்ற கோடு அழுத்தமாக விழவில்லை. ஹாண்டல் காலத்து லண்டனில் ஆரட்டோரியோ நாடக அரங்குக்குப் போனது, டிக்கெட் வந்தது, கோடும் விழுந்தது.

இனி கோரஸின் உள்ளே போய்ப் பார்க்கலாம். ‘மெசையா’வின் இரண்டாம் பாகத்தில், காயங்களைப் பற்றிய கோரஸ் ஒன்று ஒரே வரியை வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் மெதுவான ஃபியூக் நடையில் வரும். நான்கே பெரிய சுரங்களால் ஆன தலைவரி. அதில் மூன்றாம் சுரத்திலிருந்து நான்காவதற்கு இறங்கும் இடம் படிக்கட்டில் கால் தவறியதுபோலச் சட்டென்று ஆழமாகப் போகும். மோட்ஸார்ட் தன் ‘ரெக்வியெ’மில் ஏறத்தாழ இதே உருவத்தைக் கையாண்டிருக்கிறார். ஹாண்டலின் கோரஸில் சொப்ரானோ முதலில் தொடங்க, ஆல்ட்டோ, டெனார், பேஸ் என்று கீழே இறங்கி வரும். கச்சேரிகளில் இந்த இடத்தில்தான் ஜனங்கள் நிகழ்ச்சித்தாளைப் புரட்டத் தொடங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே இருந்து கேட்டால் ஒரே நிறத்தில் நீளும் துணி அது. உள்ளே நிற்பவனுக்கோ அது பொறுப்பு. மூன்று வரிசை பாடி முடித்த கனம் தோளில் இருக்கும். எண்ணிக்கொண்டே காத்திருந்து, நான்காவதாக நான் அந்த வரியை ஏந்தும்போது மற்ற மூன்றும் எனக்குமேல் எழும்பி நிற்கும். கட்டடத்தைப் பார்ப்பது ஒன்று, அதற்கு அஸ்திவாரமாக இருப்பது வேறொன்று.

பாடுகிறவன் முழு இசையையும் கேட்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்டாக்ஹோமில் பாடகர் குழுக்களின் ஒலியை ஆராய்ந்த ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம், ஒரு பாடகர் தன் குரல் சுற்றியுள்ள குரல்களைவிடச் சராசரியாக 6 டெசிபல் அளவு தூக்கலாகக் கேட்பதையே விரும்புகிறார் என்று கண்டார். அதாவது என் காதில் முதலில் நான், அடுத்து பக்கத்தில் நிற்பவர், அதற்குப் பின்னால்தான் ஹாண்டல். என் குரல் என் எலும்பு வழியாகவும் எனக்குள் வருகிறது. அதைப் பெஞ்சில் இருப்பவர் ஒருபோதும் கேட்க முடியாது. காதுக்குக் குறைவாகவும் உடம்புக்கு அதிகமாகவும் கிடைக்கிறது பாடுகிறவனுக்கு. அவனுடைய இன்பத்தை இசைக்கு மட்டும் வரவு வைக்கக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான். கூட மூச்சு வாங்கும் பத்துப் பேர், வாரக்கணக்கில் சரியாக வராத ஓர் இடம் ஒரு சாயங்காலம் திடீரென்று வந்துவிட்ட நினைவு, எல்லாம் அதில் கலந்திருக்கிறது.

‘மெசையா’ 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் முதலில் அரங்கேறியபோது கோரஸில் இருந்தவர்கள் அந்நகரின் இரண்டு கதீட்ரல்களின் பாடகர்கள், முப்பது பேர் அளவில். தேர்ந்த குரல்கள். குழந்தை பிறந்த செய்தியைச் சொல்லும் கோரஸில் ஓடும் நீண்ட பிருகாக்கள், ஹாண்டல் அதற்குச் சற்று முன் இரண்டு தனிக்குரல்களுக்காக எழுதிய இத்தாலியப் பாட்டிலிருந்து எடுத்தவை. 1857-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த ஹாண்டல் விழாவிலோ ஏறத்தாழ 2,000 பேர் சேர்ந்து பாடினார்கள். ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் போகும். 30 மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் வினாடியில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு தாமதித்து வரும். குழந்தை பிறந்த செய்தியைச் சொல்லும் அந்தக் கோரஸின் பிருகாவில் ஒரு சுரம் நிற்பதே வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அப்படியானால் கேட்பவர் காதில் ஒவ்வொரு சுரமும் அடுத்ததன்மேல் கிட்டத்தட்ட பாதி வழிந்திருக்கும். அத்தனை பேர் எதற்காக வந்து பாடினார்கள்? துல்லியமாகக் கேட்கட்டும் என்றா? பாட ஆசைப்பட்டார்கள், வந்தார்கள்.

அந்த ஆசைக்கு வழி திறந்துவிட்டவை இரண்டு. ஒன்று, நோவெல்லோ பதிப்பகம் 1840-களில் ‘மெசையா’ போன்றவற்றைச் சின்ன அளவில், மலிவு விலையில் அச்சிட்டது. மில் தொழிலாளியும் சொந்தப் புத்தகம் வைத்துக்கொள்ள முடிந்தது. மற்றது டானிக் சொல்ஃபா. நாரிச் நகரின் சாரா க்ளோவர் வகுத்து, ஜான் கர்வென் என்ற போதகர் திருத்திப் பரப்பிய முறை. ஐந்து கோடுகளைப் படிக்கத் தெரியாதவரும் எழுத்துகளைப் பார்த்து நான்கு குரலில் பாடலாம். மிஷனரிகள் கையோடு அது தமிழ்நாட்டுக்கும் வந்தது. இன்றும் எங்கள் பாடகர் குழுவில் பாதிப்பேர் சொல்ஃபா பார்த்துத்தான் பாடுகிறோம். 1836-இல் தொடங்கிய ஹட்டர்ஸ்ஃபீல்ட் கோரல் சொசைட்டி, கம்பளி மில்கள் நிறைந்த யார்க்‌ஷயர் ஊரின் குழு. அப்படிப்பட்ட ஊர்களில் மேடையில் அண்ணன் பாடினால் கீழே தங்கை கேட்டாள். அவளும் வேறொரு சேப்பலில் ஆல்ட்டோ பாடியவளாக இருக்கலாம். கேட்டவர்களில் பலர் அந்தக் கோரஸை வாயால் அறிந்தவர்கள். அப்படிப்பட்ட காதுகளை மனத்தில் வைத்துத்தான் 19-ஆம் நூற்றாண்டின் ஆரட்டோரியோக்கள் வளர்ந்தன என்பது என் எண்ணம். அந்தப் பழக்கம் தேய்ந்த பிறகு வெளியிலிருந்து வந்து கேட்பவருக்கு அவை நீளமாகத் தெரிவதில் வியப்பில்லை.

இருந்தாலும் கேட்பவருக்கு மட்டுமே கிடைக்கும் சில இடங்கள் உண்டு. ஹேய்டனின் ‘படைப்பு’ 1798-இல் வியன்னாவில் முதன்முதலாக ஒலித்தது. வெளிச்சம் உண்டாகும் இடத்தில் கோரஸ் மிக மெதுவாகப் பாடுகிறது, வயலின்கள் ஒருமுறை விரலால் மீட்டுகின்றன, அடுத்த கணம் முழு வாத்தியக் குழுவும் சி மேஜரில் வெடிக்கிறது. அந்தப் பக்கத்தை ஹேய்டன் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார் என்று அன்று உடன் இருந்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பாடுகிறவருக்கு அந்த இருட்டு கிடைக்காது. எத்தனையாவது தட்டில் வெளிச்சம் வரும் என்று அவர் பென்சிலால் குறித்து வைத்திருப்பார். தனிப்பாடல்கள் ஓடும்போதும் கோரஸ் அடுத்து எழுந்து நிற்க வேண்டிய நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும். கதையின் மொத்த வளைவும் பெஞ்சில் இருப்பவருக்குத்தான் தெரிகிறது.

பாடுகிறவர்களுக்கு எப்போதும் இன்பம்தான் என்றும் சொல்வதற்கில்லை. எல்கரின் ‘ஜெரோன்ஷியஸின் கனவு’ 1900 அக்டோபரில் பர்மிங்ஹாமில் அரங்கேறியது. பயிற்சி கொடுத்து வந்த கோரஸ் மாஸ்டர் சில மாதங்களுக்கு முன் இறந்துபோனார். ஓய்வுபெற்றிருந்த ஒருவர் பொறுப்பேற்றார். அச்சிட்ட பக்கங்கள் தாமதமாக வந்தன. பழகாத அரைச்சுர நகர்வுகள் வேறு. மேடையில் கோரஸ் சுருதி இறங்கித் தத்தளித்தது, எல்கர் உடைந்துபோனார். அடுத்த ஆண்டே டுஸ்ஸல்டார்ஃபில் நன்றாகத் தயாரித்துப் பாடியபோது அதே படைப்பு வென்றது. எழுத்தில் இருக்கும் இன்பம் பாடுகிறவனின் தொண்டைக்கு வந்து சேர நாள் பிடிக்கும். தயாராகாத கோரஸில் நிற்பதைவிடக் கீழே இருந்து கேட்பது மேல். அந்த அவஸ்தையையும் நான் அறிவேன்.

அதனால் என் பதில் இது: கோரஸைப் பொறுத்தவரை, தயாரான குழுவில் நிற்கிறவனுக்குத்தான் அதிகம் கிடைக்கிறது. ஆனால் அந்த டிசம்பரில் என் பெஞ்சில் ஒரு பெரியம்மா இருந்தார். எழுபது தாண்டியவர், ஒரு காலத்தில் ஆல்ட்டோ. அல்லேலூயா தொடங்கியதிலிருந்து அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் பாட்டுப்புத்தகத்தின் அட்டையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது. பேஸ் தொடங்கியபோது தட்டியது, டெனாருக்கும் தட்டியது. ஆல்ட்டோ வருவதற்கு ஒரு தட்டுக்கு முன்னால் விரல் நின்றது. அவர் நிமிர்ந்தார், மூச்சை உள்ளே இழுத்தார். நானும் இழுத்தேன். அதற்கப்புறம் கோரஸ் முடியும்வரை நான் மேடையைப் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்துக் கேட்டேன். கடைசி அல்லேலூயாவுக்கு முன் வரும் மௌனத்தில் அது அட்டைக்கு மேலே, தொடாமல், அப்படியே நின்றது.