மூன்றாவது நாடா

கோச்சு வண்டி என்ற சொல்லை நம் பாட்டிமார் தாராளமாகப் புழங்கியிருக்கிறார்கள். ஹங்கேரி தேசத்தில் கோச் என்றொரு கிராமம். அங்கே செய்த வண்டிக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. பின்னால் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், பரீட்சையைக் கடத்திவிடும் வாத்தியாருக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். இன்று தொழிற்சாலைக்குள்ளும் 'கோச்' வந்துவிட்டார்.

என் அக்காள் மகன் காஞ்சிபுரத்திலிருந்து தினமும் ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிறவன். அங்கே 12 பேருக்குத் தலைவன். கைவேலையில் கெட்டிக்காரன், அதனாலேயே தலைவனாக்கினார்கள். ஆறே மாதத்தில் அவனுக்கு ஒரு கோச்சை ஏற்பாடு செய்தார்கள். பையன் குன்றிப்போனான். "இந்த வயசுல எனக்கு எதுக்கு மாமா வாத்தியார்?" என்றான்.

வந்தவர் ஒன்றும் சொல்லித் தரவில்லையாம். கேள்விதான் கேட்டாராம். "இந்த வாரம் உங்கள் ஆட்களில் யாராவது தாமாக வந்து தம் தவறைச் சொன்னார்களா?" யோசித்தான், ஒருவருமில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. யாராவது தடுமாறினால் ஒரு சத்தம் போட்டுவிட்டு, கருவியைப் பிடுங்கித் தானே செய்து முடிப்பது தன் வழக்கமென்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அமெரிக்க டென்னிஸ் ஆசிரியர் திமோதி கால்வே 1974-ல் எழுதிய புத்தகத்தின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: கட்டளைகளை அடுக்காமல் பந்தைக் கவனிக்க வைத்தால் மாணவன் தானே திருந்திக்கொள்கிறான்.

பையன் மெய்யாகவே மாறினான். "இப்போ கத்தாமலே வேலை வாங்கறேன், மாமா" என்றான் ஒரு நாள், பெருமையாக.

எனக்குச் சுருக்கென்றது. கோச்சுக்குப் பணம் கொடுப்பது கம்பெனி. அப்படியானால் வளர்ந்தது யார்? இவனா, உற்பத்தியா?

அந்தச் சந்தேகத்தோடுதான் பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் வீட்டில் போய் உட்கார்ந்தேன். குழித்தறியில் கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். மூன்றாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து வீச இன்னொருவர் வேண்டும். இரண்டு பேர் கையும் ஒத்துப் போகாவிட்டால், கரை சேருமிடம் காட்டிக் கொடுத்துவிடும். முன்பெல்லாம் அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் சிறுவர்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக உட்கார்ந்தவர்களும் உண்டு. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் அது உடனே ஒழிந்துவிடவில்லை.

இவரும் எட்டு வயதில் அங்கே உட்கார்ந்தவர்தான். "தொழில் கத்துக்கிட்டேன் சார், இல்லேன்னு சொல்லமாட்டேன்" என்றார், நாடாவை நிறுத்தாமலே. "ஆனா நான் கத்துக்கணும்னு யாரும் என்னை உட்கார வைக்கலே."

அதை வீட்டில் சொன்னேன். பையன் வெகு நேரம் பேசவில்லை.

"கோச்சுகிட்டே ஒண்ணு மட்டும் நான் சொன்னதே இல்லை, மாமா. எங்களுக்குப் போடற தினக் கணக்கே அதிகம். 12 பேராலே முடியாது."

"ஏன் சொல்லலே?"

"அவர் அதைக் கேட்கலே."

கோச்சைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த 12 பேரும் இப்போது திட்டு வாங்காமல் வீடு திரும்புகிறார்கள்; அது சின்ன விஷயமல்ல. ஆனால் தன் குற்றத்தை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டு, மேலே இருப்பவரின் குற்றத்துக்குக் கண்ணை மூடிக்கொள்பவனை வளர்ந்தவனென்று எப்படிச் சொல்வது?

அடுத்த சந்திப்பு வியாழக்கிழமையாம். சொல்லப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை.