அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு

"தாயை ஹோமிலை விட்டிட்டினமாம்." கோயில் மண்டபத்தில் காதில் விழும் இந்த ஒரு வசனத்துக்குப் பயந்தே, லண்டனில் எம்மவர் பலர் மறதிநோய் கண்ட பெற்றோரை வீட்டில் வைத்திருக்கின்றனர். முன்பு நானும் அப்படிக் கதைத்தவன்தான்.

அம்மாவை நான்கு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். 'பார்த்தேன்' என்பது பொய். பார்த்தவர் என் மனைவி. நடுச்சாமத்தில் யாழ்ப்பாணத்து வீட்டைத் தேடிக் கதவைத் திறக்கும் அம்மாவை மறித்ததும், குளிக்க வார்த்ததும், அடி வாங்கியதும் அவர்தான். காலையில் வேலை என்று நான் நித்திரை கொண்டேன். வாக்குக் கொடுத்தவன் ஒருவன், சுமந்தவர் வேறொருவர். இதை எப்படித் தர்மம் என்பது?

இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி, பராமரிப்பவரும் தமது தேவைகளை மதிப்பிடுமாறு உள்ளூராட்சிச் சபையிடம் கேட்கலாம். "வெளியாட்கள் வேண்டாம்" என்று தடுத்தவன் நான். மனைவி மயங்கி விழுந்த பிறகே இல்லம் தேடினோம்.

அதுவும் லேசான காரியமல்ல. இந்நோயில் பிந்திக் கற்ற மொழி முந்திப் போவதுண்டு. அம்மாவிடம் இப்போது தமிழ் மட்டுமே மிச்சம். தாகம் என்றால் அங்கே யாருக்கு விளங்கும்? தண்ணீர், நோகுது, பயமாக்கிடக்கு என்று பத்துச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழிதிக் கட்டிலருகே ஒட்டினோம். மாலையில் ஆளுக்கொரு நாளாக இடியப்பமும் சொதியும் கொண்டு போகிறோம்.

அம்மா கேட்டு வாங்கிய வாக்கு ஒரு கட்டடத்தைப் பற்றியதா, கைவிடாதிருப்பதைப் பற்றியதா? இப்போது அவரிடம் கேட்க முடியாது. என்னைத் தன் தம்பி என்று நினைக்கிறார்.

"வீட்டை போவமே, தம்பி?"

"சாப்பிட்டிட்டுப் போவம்" என்கிறேன்.