வினைக் கணக்கு யார் கையில்?

கம்பம் பள்ளத்தாக்கில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஒரு பிள்ளைக்குக் கால் வளைந்தால் தாயைத்தான் முதலில் விசாரிப்பார்கள்: மாசமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே வந்தாளா என்று. அதிலும் விடை கிடைக்காவிட்டால், முன்வினை. எலும்பு மென்மையாகிக் கால் வளையும் ரிக்கெட்ஸ் நோயில், பரம்பரையாக வரும் வகை இந்த விசாரணையையே பொருளற்றதாக்குகிறது. வெயில் தரும் வைட்டமின் டி-யை வழக்கமான அளவில் கொடுத்தும் அடங்காத ரிக்கெட்ஸ் உண்டு என்று அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1937-லேயே எழுதினார். 1995-இல் அதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் கண்டறியப்பட்டது. அது பழுதானால், எலும்புக்குச் சேர வேண்டிய பாஸ்பேட் சிறுநீரில் போய்விடுகிறது. ஏறத்தாழ 20,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும். நோயுள்ள தந்தையின் மகள்கள் எல்லோருக்கும் இறங்கும், மகன்களில் ஒருவருக்கும் இறங்காது. நோயுள்ள தாய்க்கு ஒவ்வொரு பேற்றிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெற்றோர் இருவருக்கும் இல்லாமல் புதிதாகவும் தோன்றும். யாருடைய ஒழுக்கத்தையும் பார்த்து அது இறங்குவதில்லை.

பழுதான மரபணு உள்ள கருவில் ஓர் உயிரைச் சேர்த்ததே வினைதான் என்று சைவர் ஒருவர் மறுக்கலாம். வலுவான மறுப்புதான்; எப்படி வந்தது என்று சொல்லும் மரபணு, இந்தப் பிள்ளைக்கு ஏன் வந்தது என்று சொல்லாது. ஆனால் சைவ சித்தாந்தத்தின்படி வினை சடம். செய்தவரைத் தேடிச் சேரும் அறிவு அதற்கில்லை. உயிரும் தன் வினையை அறியாது. அதனால்தான் இரண்டையும் கூட்டுவிக்க இறைவன் வேண்டும் என்று அது வாதிடுகிறது. கணக்கு அவனிடம் மட்டும் இருக்கும்போது, பக்கத்து வீட்டார் அதை வாசித்துக்காட்டுவது எந்த உரிமையில்? என் செயலுக்கு நான் பொறுப்பேற்க வந்தது வினைக் கொள்கை. பிறர் உடம்பின்மேல் தீர்ப்பெழுத வந்ததல்ல.

விதியென்று ஏற்பதில் ஆறுதல் இருக்கிறதே என்பார்கள். தாமாக ஏற்றவரின் ஆறுதலை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் இந்த நோய் நடுவயதில் முதுகுக்கு வரக்கூடும். முள்ளெலும்புகளை இணைக்கும் தசைநார்கள் தடித்து, எலும்பாகவே இறுகி, தண்டுவடத்தை நெரிக்கின்றன. கால் விறைக்கும், நடை தடுமாறும், சிறுநீர் கட்டுப்படாது. அப்போது பின்புற எலும்பை நீக்கி இடம் விடும் அறுவை சிகிச்சை வேண்டும்; இறுகிய நார் தண்டுவட உறையோடு ஒட்டியிருந்தால் அது கடினமான வேலை. நெடுநாள் நெரிபட்ட தண்டுவடம் முழுதாக மீளாமலும் போகலாம். பிறந்த நாளிலிருந்து "உன் தலையெழுத்து" என்றே கேட்டு வளர்ந்தவர், கால் மரத்துப்போவதையும் அதன் கணக்கில் சேர்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். என் அச்சம் அதுதான். குச்சனூர்க் கோயிலில் எள் தீபம் ஏற்றுவதை நான் குறை சொல்லவில்லை. அங்கே வீற்றிருக்கும் சனீஸ்வரனுக்கே முடவன் என்றொரு பெயர் தமிழில் உண்டு, அதற்காக யாரும் அவரை வணங்காமல் விட்டதில்லை. சனிக்கிழமை அங்கே விளக்கேற்றியவர், திங்கட்கிழமை க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரிசையில் நிற்கட்டும். கூடப் போகிறவர்கள், கால் எப்போதிலிருந்து மரக்கிறது என்று மட்டும் அவரிடம் கேட்கட்டும்.