எழும் முன் ஒரு வரி எழுது!

“காலையிலிருந்து ஓயவே இல்லை. ஆனால் ஒன்றும் முடியவில்லை.” இதைச் சொல்லிக்கொண்டே எத்தனை இரவு ஓஎம்ஆரில் கம்பெனி பஸ் ஏறியிருப்பாய்?

கோடில் ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருந்தாய். எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுகிறது, எங்கே மதிப்பு மாறுகிறது, அத்தனையும் தலைக்குள் அடுக்கி வைத்திருந்தாய்.

“ஒரு நிமிஷம் வர முடியுமா?” போனாய். திரும்பி வந்தாய். அடுக்கியதில் ஒன்றுகூட மிச்சமில்லை.

உடனே என்ன சொன்னாய்? “எனக்கு மூளை போதாது!”

பொய்! மூளைமேல் பழி போடாதே!

கிறிஸ் பார்னின், ஸ்பென்சர் ரூகாபர் என்ற இரு ஆய்வாளர்கள், 86 புரோகிராமர்களின் 10,000 அமர்வுகளை ஆராய்ந்தார்கள். விட்ட வேலைக்குத் திரும்பிய ஒரு நிமிடத்துக்குள் கோடில் கைவைக்க முடிந்தது 10 சதவிகித அமர்வுகளில்தான்!

மற்ற நேரமெல்லாம் ஃபைல் ஃபைலாகப் புரட்டி, எங்கே விட்டோம் என்று தேடினார்கள். அத்தனை பேருக்கும் மூளை போதாதா?

இன்னொன்றையும் கேள். இது சுடும்.

கலிபோர்னியாவில் குளோரியா மார்க் என்ற பேராசிரியர், அலுவலக ஊழியர்களின் பக்கத்திலேயே இருந்து நிமிடக் கணக்கில் குறித்தார். வேலை பாதியில் நின்ற தடவைகளில், பாதிக்குச் சற்றே குறைவானவற்றில் யாரும் கூப்பிடவே இல்லை. அவர்களாகவே விட்டார்கள்!

நீ? டெஸ்ட் ஓடட்டும் என்று போனை எடுத்தாயே, யார் எடுக்கச் சொன்னது?

அந்தப் பழைய மாட்யூலுக்குள் இறங்கப் பயந்தாய். பயந்தவனுக்கு ஸ்லாக் ஒரு திண்ணை. உட்கார்ந்துவிட்டாய்!

உடனே பதில் போடாவிட்டால் வேலை செய்யவில்லை என்று நினைப்பார்களோ? அப்ரைசலில் கைவைப்பார்களோ? பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிவதற்காகவா இத்தனை வருடம் படித்தாய்?

“டீம் லீட் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? புரொடக்‌ஷன் விழுந்தால்?”

போ! ஓடு! புரொடக்‌ஷன் விழுந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். நான் கேட்பது, எழுவதற்கு முன் முப்பதே வினாடி.

ஒரு வரி எழுது. “இதை முடிக்கணும்” என்று எழுதாதே, அது யாருக்கும் உதவாது. எதைச் சந்தேகப்பட்டாய், அடுத்து எதைச் செய்யப்போனாய், அதை எழுது!

“தேதியை ஒப்பிடும் இடத்தில் டைம்சோன் தப்பு போலிருக்கிறது, இன்வாய்ஸ் டெஸ்டைத் தனியாக ஓட்டிப் பார்.” இவ்வளவுதான்.

அதையும் கமெண்ட் குறி போடாமல் கோடின் நடுவிலேயே எழுது. கம்பைல் ஆகாது. ஆகவே கூடாது! திரும்பி வந்து ஓட்டும்போது கம்பைலரே உன்னை அந்த வரியில் கொண்டுபோய் நிறுத்தும்.

வேறு பிரான்ச்சுக்குப் போக வேண்டுமா? செய்தி எழுதாமல் கிட் ஸ்டாஷ் போடாதே, மூன்று நாள் கழித்து எது எதற்கு என்று உனக்கே தெரியாது. 2015-லிருந்து கிட்டில் வொர்க்ட்ரீ இருக்கிறது. அதைக் கொண்டு ஹாட்ஃபிக்ஸைத் தனி ஃபோல்டரில் முடி. உன் பாதி வேலை கலையாமல் அங்கேயே கிடக்கும்.

“எழுதிக்கொண்டிருந்தால் கூப்பிட்டவரின் வேலை கெடாதா?” கெடாது! திரும்பி வந்ததும் என்ன செய்வது என்று குறித்துவிட்டுப் போகிறவர்கள், போன இடத்து வேலையையும் நன்றாகச் செய்கிறார்கள் என்று சோஃபி லெராயும் தெரேசா குளோம்பும் 2018-ல் காட்டியிருக்கிறார்கள். விட்ட வேலை அவர்கள் மனத்தை அவ்வளவாக அரிப்பதில்லை.

அவசரம் இல்லாத அழைப்பா? “பதினொன்றரைக்கு வரட்டுமா?” என்று கேள். மறுக்கச் சொல்லவில்லை, நேரம் சொல்லச் சொல்கிறேன். இதுவரை ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்திருக்கிறாயா?

கேட்காமலே “விடமாட்டார்கள்” என்று எப்படி முடிவு செய்தாய்?

சிலர் விடமாட்டார்கள்தான். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்! மறுநாளும் கேள். பத்துப் பேரில் நான்கு பேர் சரி என்றால், உடையாத நான்கு துண்டு நேரம் உன் கைக்குத் திரும்புகிறது.

முதல் வாரம் எழுத மறப்பாய். பாதி நாள் எழுந்து போன பிறகுதான் நினைவு வரும். அதற்காக விட்டுவிடுவாயா? முதல் புரோகிராம் முதல் தடவையிலேயே ஓடியதா? அன்று விட்டாயா?

இதைப் படிக்கவும் ஏதோ ஒரு வேலையைப் பாதியில் போட்டுவிட்டுத்தானே வந்தாய்?

எடிட்டர் திறந்தே இருக்கிறது. எங்கே விட்டாய் என்று இன்னும் உனக்கு நினைவிருக்கிறது. போ, அது மறப்பதற்குள் அந்த வரியை எழுது!