ஆசைக்கு அளவு காணும் இல்லறம்



அருகப் பெருமான் அருளிய அறத்தை நம் ஆசாரியர்கள் துறவறம், இல்லறம் என இருவகையாகப் பகுத்துரைத்தனர். துறவியர் பொருளை முற்றத் துறந்தவர்கள். மயிற்பீலி, கமண்டலம், சாத்திர நூல் ஆகியவையன்றி அவர்களிடம் வேறொன்றும் இல்லை. இல்லறத்தாராகிய நமக்கு அது இயலாது. பெற்றோரைப் பேண வேண்டும். மக்களைப் படிக்க வைக்க வேண்டும். வந்த விருந்தினருக்கு உணவிட வேண்டும். ஆகவே நமக்கு ஐந்தாம் அணுவிரதமாக மிகுபொருள் விரும்பாமை விதிக்கப்பட்டது. இரத்தின கரண்டக சிராவகாசாரம் அருளிய சமந்தபத்திர ஆசாரியர், இவ்விரதத்திற்கு 'இச்சா பரிமாணம்' என்னும் பெயரும் உண்டு என்கிறார். இச்சை என்பது ஆசை. பரிமாணம் என்பது அளவு. பெட்டியிலுள்ள பணத்தை எண்ணுமுன் நெஞ்சிலுள்ள ஆசையை எண்ணி அதற்கு எல்லை இடுக என்பதே இப்பெயர் நமக்கு உணர்த்தும் பொருளாகும்.

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம்மவர்க்கு இவ்விரதம் எவ்வாறு துணைநிற்கும் என்பதை ஈண்டுச் சிந்திப்போம்.

தொண்டை மண்டலத்துச் சிற்றூர்களை விட்டு, வேலையின் பொருட்டு நகரங்களில் குடியேறிய தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல. ஊரில் சொந்த நிலத்து நெல் இருந்தது. முன்னோர் கட்டிய வீடு இருந்தது. நகரத்திலோ குடியிருப்பு முதல் குடிநீர் வரை யாவும் பணமே. திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் வாழ்வோர் இதனை நன்கறிவர். எனினும் இந்நகரம் நமக்கு அயலூர் அன்று. மலைக்கோட்டைக் குன்றின் குகையில் நம் முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. சிரா என்னும் முனிவர் தங்கிய பள்ளியே சிராப்பள்ளி ஆயிற்று என்று கருதுவோரும் உளர். தெற்கே சித்தன்னவாசலில், ஏழடிப்பாட்டத்தில் 17 படுக்கைகளைக் காணலாம். ஒருவர் படுக்கும் அளவே ஒருவர்க்குரிய இடம் என்று அக்கற்கள் இன்றும் காட்டிக்கொண்டிருக்கின்றன.

பொருள் இழந்த ஓர் இல்லறத்தானின் வரலாறும் இவ்வழியே செல்கிறது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் காவிரிக் கரையோடு நடந்து அரங்கத்தை அடைகின்றனர். ஆங்குச் சாரணர் தோன்றி வினையின் இயல்பை உரைக்கின்றார். பின்னர் ஓடம் ஏறித் தென்கரை சேர்ந்து மூவரும் உறையூரில் தங்குகின்றனர். அந்நாளில் அவர்களுக்கு எஞ்சியிருந்த செல்வம் ஓர் இணைச் சிலம்பு மட்டுமே.

கோவலன் ஏழையாகப் பிறந்தவன் அல்லன். பெருவணிகன் மாசாத்துவானின் மகன். மணமானவுடன் தனி மனையும் செல்வமும் பெற்று இல்லறம் தொடங்கியவன். மாதவியின் மாலைக்கு 1008 கழஞ்சு பொன் கொடுத்த நாள் முதல் அச்செல்வம் கரையத் தொடங்கிற்று. நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் ஒன்று உண்டு. செல்வம் முழுதும் தீர்ந்து, நாணத்துடன் வீடு திரும்பிய நாளில்தான் அவன் தன் இழப்பை மனைவியிடம் வாய்விட்டுரைக்கின்றான். அதற்கு முன் கணவனும் மனைவியும் பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டதாகக் காப்பியத்தில் நாம் காணவில்லை. கண்ணகியும், இன்னும் சிலம்பு உள்ளது, கொள்க என்கின்றாள். கணக்குப் பேசாத வீட்டில் கடைசி நகைதான் முதற் பேச்சாக வருகிறது. அடகுக் கடையின் படியேறும்போதுதான் கடன் எவ்வளவு என்பதை மனைவி அறிகின்ற இல்லங்கள் இன்றும் இல்லை என்று சொல்ல இயலுமா?

அதே காப்பியம் மற்றொரு காட்சியையும் வைத்துள்ளது. மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்மகள் மாதரி, கோவலன் சாவக நோன்பி என்றறிந்து, பகலிலேயே உண்பதற்கேற்ப அரிசியும் காய்கனியும் தருகின்றாள். கண்ணகி தன் கையால் சமைத்து, கணவனை ஓலைத் தடுக்கில் அமர்த்தி, வாழையிலையில் உணவிடுகின்றாள். புகாரின் மாளிகையில் அவர்கள் இழந்திருந்த நிறைவு அச்சிறு குடிலில் கிட்டுகிறது. எளிமையும் ஒருவரையொருவர் அறிந்த உள்ளமும் சேர்ந்தால் சிறுகுடிலும் மனையாகும். அதனை அவர்கள் உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. நமக்கோ காலம் இருக்கிறது.

நியமமே வரவு செலவுத் திட்டம்

நுகர்பொருளை நம் ஆசாரியர் போகம், உபபோகம் என இரண்டாக வகுத்தார். உணவும் மலரும் போல ஒருமுறை நுகர்ந்து தீர்வது போகம். ஆடையும் அணியும் போல மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். இவற்றுக்கு இடும் வரையறையும் இருவகை. வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், இரு மாதப் பருவம், அரையாண்டு எனக் காலம் குறித்து ஏற்பது நியமம். உணவு, ஊர்தி, படுக்கை, ஆடை, அணிகலன், இசை என எவ்வெவற்றுக்கு வரையறை இடலாம் என்பதும் கூறப்பட்டுள்ளது. அலுவலகங்களில் இன்று திட்டச் செலவு என்று பேசுவதை நம் சிராவகாசாரம் விரதமாகவே வகுத்து வைத்திருக்கிறது.

மாதத்தின் முதல் நாள் மாலை, சூரியன் மறையுமுன் உணவு முடித்து, வழிபாடு செய்தபின், குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்க. மாதம் 40,000 ரூபாய் வரும் நால்வர் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தானத்திற்கு 1,000, சேமிப்புக்கு 3,000, ஊரிலுள்ள பெற்றோர்க்கு 2,500, மருத்துவத்திற்கும் காப்பீட்டிற்கும் 2,500, வாடகை 10,000, உணவு 10,000, கல்வி 6,000, மின்சாரம், எரிவாயு, பேருந்து, தொலைபேசி ஆகியவற்றுக்கு 5,000. கூட்டினால் 40,000 ஆகும். தொகைகள் வீட்டுக்கு வீடு மாறும். தானமும் சேமிப்பும் முதலில் எழுதப்பட வேண்டும் என்னும் வரிசை மட்டும் மாறலாகாது. எஞ்சியதைக் கொடுப்போம், எஞ்சியதைச் சேமிப்போம் என்றிருந்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை.

கடனுக்கும் இப்பகுப்பே அளவுகோல். போகப் பொருளுக்குக் கடன் வாங்குதல் அறவே ஆகாது. விருந்து ஒரு பகலில் முடியும், வட்டி முடியாது. உபபோகப் பொருள் வேண்டுமெனில் ஒரு நியம காலம் பொறுத்திருந்து, அதன் பின்னும் தேவை எனத் தோன்றினால் சேர்த்த பணத்தில் வாங்குக. கல்வி, மருத்துவம், குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்கு மட்டுமே, திருப்பிச் செலுத்தும் வழி தெரிந்தபின், கடன் வாங்கலாம். நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் நம் பாட்டன்மார் அஞ்சி ஒதுங்குவர். அதாவது ஒரு இலட்சத்திற்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய். இன்று கடனட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருவோர் பலர், தம்மை அறியாமலே மாதம் 3 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி செலுத்துகின்றனர்.

தீபாவளி போனஸ், நிலுவைத் தொகை எனத் திடீரென வரும் பணம் வெள்ளம் போன்றது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிவதை நாம் கண்டிருக்கிறோம். மதகு அமைத்து, பாசனத்திற்கு வேண்டிய நீரைக் காவிரியிலும் பெருவெள்ளத்தைக் கொள்ளிடத்திலும் செலுத்துகின்றனர். அம்மதகு போன்றதே நியமம். பணம் வருமுன்பே அது செல்லும் வழியை முடிவு செய்துவிட வேண்டும். தீபாவளி நமக்கு மகாவீரர் வீடுபேறு எய்திய நாள் என்பதையும் மறவாதிருப்போமாக.

வரும் வழியும் தூயதாக இருத்தல் வேண்டும். 2012-ஆம் ஆண்டு கொங்கு நாட்டில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் வீழ்ந்தன. பெரும் ஆதாயத்தை நம்பி மக்கள் சேமிப்பை இழந்தனர்; தீனியிடுவாரின்றிப் பறவைகள் மடிந்தன. பேராசை பிறர் பொருளோடு நில்லாது உயிரையும் கொல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலும் தொடர் வைப்புத் தொடங்கலாம். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்கு, 2015-இல் தொடங்கப்பெற்ற செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 250 ரூபாயிலும் கணக்கு வைக்கலாம். சிறு தொகையாயினும் உறக்கம் கெடாத பணம் அது.

மக்களை வளர்த்தல்

குடும்பத்தின் வருவாயைப் பிள்ளைகளிடம் மறைப்பது அன்பு என்று பலர் எண்ணுகின்றனர். அறியாத பிள்ளை கேட்கும். கிடைக்காதபோது தன்னைத் தாழ்வாக எண்ணும். அல்லது பெற்றோரைக் கடனில் ஆழ்த்தும். எட்டு வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்ளும் வகையில் வீட்டுக் கணக்கைச் சொல்லலாம். தோழனிடம் உள்ள விலையுயர்ந்த கைப்பேசியை மகன் கேட்கும்போது, நமக்கு வக்கில்லை என்று சினந்து சொல்லற்க. இந்த அரையாண்டு நம் வீட்டு நியமத்தில் அது இல்லை, அடுத்த நியமத்தில் பேசுவோம் என்று சொல்லுக. அந்நியமத்தை அவனும் உடனிருந்து ஏற்றவனாதலின், அது அவனுக்கு இழிவாகத் தோன்றாது. தன் சொல்லைத் தானே காக்கின்ற பெருமிதம் தோன்றும். பெற்றோரும் தமக்கென ஒரு நியமம் ஏற்க வேண்டும். தந்தையின் செலவுக்கு எல்லையில்லாத வீட்டில் பிள்ளையின் ஆசைக்கு எல்லையிட முடியாது.

மகளின் படிப்புக்கான பணத்தைத் திருமண நகைக்கென ஒதுக்கி, மகனின் படிப்புக்கு மட்டும் செலவிடுவது நம் மரபுக்கு ஏற்றதன்று. ஆதிநாதர் தம் புதல்வி பிராமிக்கு எழுத்தையும், சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது நம் புராணம் கூறும் செய்தி. எண்ணும் கணக்கும் முதலில் ஒரு மகளின் கையில்தான் கொடுக்கப்பட்டன. ஆகவே வீட்டுக் கணக்கேட்டை நம் பெண்மக்களிடம் கொடுப்போம், அவர்கள் எழுதட்டும்.

அட்சய திருதியை வந்தால் பெரியகடை வீதியிலும் சின்னக்கடை வீதியிலும் நகைக்கடைகள் நிரம்பி வழிகின்றன. தவணையில் பொன் வாங்குவோருள் நம்மவரும் உளர். அந்நாள் நமக்கு எந்நாள்? ஏறத்தாழ ஓராண்டு உணவின்றி இருந்த ஆதிநாதருக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கருப்பஞ்சாறு அளித்த நாள். கொடுத்ததால் குறையாத நாள் என்று போற்றப்படும் நாளில், கடன்பட்டு வாங்குவது எவ்வாறு பொருந்தும்? வரும் அட்சய திருதியையில் ஏழை மாணவர் ஒருவருக்கு நூலோ உணவோ அளித்து, அதனை நம் பிள்ளையின் கையால் கொடுக்கச் செய்வோம்.

சிறு வருவாய் குற்றமன்று, பெருவருவாய் புகழுமன்று. வரையறை இல்லாத ஆசையே இல்லத்தை அலைக்கழிக்கும். அடுத்த மாதத்தின் முதல் நாள் மாலையில் ஒரு மாத நியமம் ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் ஏற்குமாயின், நாம் விட்டுச்செல்லும் பொருள் சிறிதாயினும், அளவறிந்து வாழும் அறிவு நம் மக்களுக்கு முதலாக நிற்கும்.

வாழ்க அருகன் அறம், வளர்க இல்லறம்.